விளக்குப் போட வர்ஜீனியா போகணுமா?

மாம்பலத்திலிருந்து கோடம்பாக்கம் போக வேண்டும். ஒரே ஒரு ஸ்டேஷன். மின்சார ரயிலில் ஏறி, கம்பியைப் பிடித்து, நிமிர்ந்தால் இறங்க வேண்டியதுதான். 'அப்படியெல்லாம் போக முடியாது சார், டெல்லி போய்த்தான் வரணும். அங்கே ஒருத்தர் கையெழுத்துப் போட்டால்தான் கோடம்பாக்கத்தில் கதவு திறக்கும்' என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவீர்கள். ஆனால் அதே ஏற்பாட்டைக் காசு கொடுத்து வாங்கி, ஹாலில் மாட்டி, விருந்தாளிகளிடம் பெருமையும் அடித்துக்கொள்கிறோம். அதற்குப் பெயர் ஸ்மார்ட் பல்பு.

சோபாவில் படுத்தபடி செல்போனைத் தட்டுகிறீர்கள். பல்பு பத்தடி தூரத்தில் இருக்கிறது. கட்டளை நேரே பல்புக்குப் போகிறது என்றுதானே நினைப்பு? மலிவான வகைகள் பலவற்றில் போவதில்லை. போனிலிருந்து ரவுட்டர், அங்கிருந்து தெருமுனைக் கம்பம், அப்புறம் மும்பையோ, சிங்கப்பூரோ, அமெரிக்காவோ... கம்பெனிக்காரன் எந்த ஊரில் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கிறானோ அந்த ஊர். அந்தக் கம்ப்யூட்டர் 'இவர் நம்ம ஆள்தான்' என்று சரிபார்த்து உத்தரவைத் திருப்பி அனுப்பினால்தான் உங்கள் ஹாலில் வெளிச்சம். எல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. முடியாதபோதுதான் தெரிகிறது.

இந்த வெளியூர்க் கம்ப்யூட்டருக்குத்தான் 'கிளௌட்' என்று கவித்துவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இன்ஜினீயர்கள் நெட்வொர்க் படம் வரையும்போது, 'இதுக்கு உள்ளே என்ன இருக்குன்னு நமக்கு அவசியமில்லை' என்ற இடத்தில் ஒரு மேகத்தை வரைந்துவிட்டுப் போவார்கள். அந்தச் சோம்பேறிப் படம்தான் பெயராக நிலைத்துவிட்டது. சென்னைவாசிகளுக்கு மேகத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வரும், இருட்டும், போய்விடும்.

2025 அக்டோபர் 20-ம் தேதி போய்விட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அமேசானின் கம்ப்யூட்டர் கூடத்தில் கோளாறு. உலகம் முழுக்க ஏகப்பட்ட வலைத்தளங்கள் படுத்தன. அதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது படுக்கைக் கதைதான். 'எய்ட் ஸ்லீப்' என்று ஒரு கம்பெனி, 2000 டாலருக்கு மேல் விலையுள்ள மெத்தை ஏற்பாடு ஒன்றை விற்கிறது. சூடாக்கும், குளிர வைக்கும், தலைமாட்டை உயர்த்தும். அப்போது எல்லாம் கிளௌட் வழியாகத்தான். அன்றைக்குச் சிலருக்கு மெத்தை சூடேறிக்கொண்டே போனதாம். சிலருக்கு நிமிர்ந்த மெத்தை நிமிர்ந்தபடியே நின்றுவிட்டதாம். கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு கோரைப்பாயை விரிக்க யாருடைய மன்னிப்பும் தேவைப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

இதுவாவது ஒரு நாள் கூத்து. நிரந்தரமாகக் கடையைக் கட்டிய கதைகளும் உண்டு. 'ரிவால்வ்' என்று ஒரு பெட்டி. 300 டாலர். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாக மேய்க்கும். 2014-ல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் கம்பெனி அதை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. அவ்வளவுதான், பெட்டி பேப்பர்வெயிட் ஆகிவிட்டது. பெட்டி கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதோடு பேச அந்தப் பக்கம் ஆள் இல்லை. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமல் சர்வரை அணைத்துவிட்டுப் போனது. சில மாதங்களில் அதன் வாடிக்கையாளர்களே சிலர் சேர்ந்து கம்பெனியை விலைக்கு வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். விளக்குப் போட வேண்டுமென்று கம்பெனியையே வாங்குவது எனக்கும் உங்களுக்கும் கட்டுப்படியாகாது.

இதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் மூன்றாம் நாள் கரண்ட் வந்துவிட்டது. இன்டர்நெட் வரவில்லை. மாடி வீட்டு நண்பர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சென்சாரும், கீழே போர் மோட்டாரில் ஒரு ஸ்மார்ட் சுவிட்சும் மாட்டியிருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். மாசக்கணக்கில் அழகாக நின்றுகொண்டிருந்ததுதான். மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் இருந்த ஆத்திரத்தில், கரண்ட் வந்ததும் சுவிட்சிலேயே இருந்த பொத்தானை அழுத்தி மோட்டாரைப் போட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டார். சென்சார் 'நிறைஞ்சாச்சு' என்று சொல்லத்தான் செய்தது. யாரிடம்? சுவிட்சிடம் அல்ல, கிளௌட்டிடம். கிளௌட் சுவிட்சிடம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாற்பதடி தூரமும் ஒரு கடலும்! தெருவில் முழங்கால் தண்ணீர், மேலேயிருந்து அருவி. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, "மறுபடி மழை வந்துடுச்சாடா?" என்றாள்.

(மோட்டார் விஷயத்தில் இன்னொன்று. ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பத்து ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை நேராக மாட்டினால் உள்ளேயிருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் அணையாது. நடுவில் ஒரு காண்டாக்டர் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும்.)

அன்று வழிந்தது தண்ணீர்தான். துடைத்துவிடலாம். எனக்குக் கவலை வேறு. அப்பாவுக்கு 78 வயது. ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பார். படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் பதினைந்தடி வராந்தா, முடிவில் ஒரு படி. "சுவிட்ச் போட எனக்குக் கை இல்லையாடா?" என்பார், ஆனால் போட மாட்டார், மற்றவர்கள் தூக்கம் கெடுமாம். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவார். அவர் கட்டிலை விட்டுக் காலை இறக்கினால் வராந்தாவில் மங்கலாக ஒரு விளக்கு எரிய வேண்டும். அரை விநாடிக்குள் எரிய வேண்டும். மூன்று விநாடி கழித்து எரிகிற விளக்கு, எரியாததைவிட மோசம். பாதி வழியில் முகத்தில் அடித்துத் தடுமாற வைக்கும். அந்த விளக்கு வர்ஜீனியாவின் சௌகரியத்தைப் பார்த்து எரிகிற ஏற்பாடு எனக்கு வேண்டாம். கம்பெனி இருந்தாலும் போனாலும், கேபிள்காரர் வந்தாலும் வராவிட்டாலும், என் வீட்டு சென்சார் சொல்வதை என் வீட்டு விளக்கு கேட்க வேண்டும். இதற்கு 'லோக்கல் கன்ட்ரோல்' என்று பெயர்.

கிளம்பினேன் ரிச்சி தெருவுக்கு.

"தம்பி, இது நெட் இல்லேன்னா வேலை செய்யுமா?"

"நெட் இல்லாத வீடு ஏது சார் இப்ப?"

"இல்லப்பா, நெட் போச்சுன்னா?"

"இது வைஃபை சார். வைஃபைலதான் வேலை செய்யுது. நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இந்தப் பையன்மேல் தப்பில்லை. பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வைஃபை என்பது வீட்டுக்குள் ஓடும் தெரு. இன்டர்நெட் வெளியூர் போகும் ஹைவே. வைஃபையில் ஓடுகிற சாமான் ஹைவே ஏறாமல் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. அட்டைப்பெட்டி அதைச் சொல்லாது. 'வர்க்ஸ் வித் அலெக்ஸா', 'ஒரு கோடியே அறுபது லட்சம் வண்ணங்கள்' என்றெல்லாம் இருக்கும். (ஒரு கோடியே அறுபது லட்சம் வண்ணத்தையும் பார்த்துவிட்டு எல்லோரும் கடைசியில் வைப்பது வெள்ளைதான்.)

பெட்டியில் 'லோக்கல்' என்று போட்டிருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. 'யூஃபி' காமிராக்கள், படமெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லித்தான் விற்றன. போனுக்கு அறிவிப்பு அனுப்பும் சாக்கில் குட்டிப் படங்கள் கிளௌட் போய்வந்ததை 2022 நவம்பரில் ஒருவர் கண்டுபிடித்தார். 2024 பிப்ரவரியில் 'வைஸ்' காமிராக்கள் ஒரு கோளாறில் படுத்து எழுந்தபோது, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படம் தெரிந்தது. 'ரிங்' காமிரா விவகாரத்தில், பெண்களின் படுக்கையறைக் காட்சிகளை ஊழியரே பார்த்ததாகக் குற்றம் சாட்டி, அமெரிக்க அரசு அமைப்பு 2023-ல் 58 லட்சம் டாலர் கட்ட வைத்தது. காமிரா வாங்கினால் 'ஆன்விஃப்' அல்லது 'ஆர்.டி.எஸ்.பி.' என்ற வார்த்தைகள் உண்டா என்று பாருங்கள். அவை இருந்தால் படத்தை உங்கள் வீட்டு ரெக்கார்டர் பெட்டியிலேயே பதிந்துகொள்ளலாம். அதன் பிறகு ரவுட்டரில் அந்தக் காமிராவுக்கு வெளியூர்ப் பயணம் ரத்து. படுக்கையறையில் காமிராவே வேண்டாம், எந்த வகையும்.

சரி, வாங்கிய சாமானைச் சோதிப்பது எப்படி? பரம சுலபம். ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்குங்கள். ரவுட்டரை அணைக்கக்கூடாது, வைஃபை இருக்க வேண்டும், நெட் மட்டும் போக வேண்டும். செல்போனில் மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். வைஃபையில் நெட் இல்லையென்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவி, கிளௌட் வழியாகவே முயன்று பார்த்து உங்களைக் குழப்பிவிடும். இப்போது பொத்தானைத் தட்டுங்கள். எரிந்தால் முதல் பரீட்சை பாஸ்.

இரண்டாவது பரீட்சை நம்ம ஊருக்கே உரியது. நெட் இல்லாத அதே நிலையில் மெயினை அணைத்து மறுபடி போடுங்கள். பல சாமான்களுக்குள் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் மணி என்ன என்று நெட்டில்தான் கேட்கும். கேட்க முடியாவிட்டால் 'சாயங்காலம் 6 மணிக்கு வாசல் விளக்கு' மறந்துபோகும். இன்னும் சில பல்புகளுக்கு ஒரு வியாதி உண்டு: ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தால் கல்யாண மண்டபம் மாதிரி எல்லாம் பளீரென்று எரியும். 'கரண்ட் வந்தால் முன்பிருந்த நிலைக்கே போ' என்று சொல்லும் வசதி செட்டிங்கில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஓட்டுரிமை உள்ள எல்லோரும் உங்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவார்கள்.

பரீட்சையைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் நடத்திவிடுவது உத்தமம்.

இனி ஜாதகம். அதாவது எந்த மொழி பேசுகிற சாமான் என்பது. 'ஜிக்பீ' என்று ஒன்று. தேனீக்கள் வளைந்து வளைந்து ஆடிச் சேதி சொல்வதை நினைத்து வைத்த பெயர். இதற்கு வீட்டில் ஒரு தலைவன் வேண்டும். கம்ப்யூட்டரில் செருகும் யு.எஸ்.பி. குச்சி போதும். சுவரில் செருகிய பிளக்குகள் ஒன்றின் சேதியை இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். சென்சார்கள் பொத்தான் பேட்டரியில் ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஓடும். ஜிக்பீ சாமானுக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் அதன் பெரிய அழகு. ஆனால் தலைவன் கிளௌட் ஆளாக இருந்தால் கதை கந்தல். அப்பாவின் வராந்தாவுக்கு நான் போட்டது ஜிக்பீதான்: கட்டிலுக்குக் கீழே ஒரு அசைவு சென்சார், வராந்தாவில் ஒரு பல்பு.

'இசட்-வேவ்' அதன் பங்காளி. நல்ல சரக்குதான். ஆனால் நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ் பக்கம், இந்தியாவில் 865 பக்கம். நியூஜெர்ஸியிலிருந்து மச்சான் ஆசையாக வாங்கிவந்து கொடுத்தால் இங்கே உள்ளதோடு பேசாது. மச்சானோடு நாம் பேசாமலிருக்க அது ஒரு காரணமாகிவிடக்கூடாது. முன்பே சொல்லிவிடுங்கள்.

'மேட்டர்' - பெயரே இதுதான் - 2022 அக்டோபரில் வந்த பொது மொழி. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டது. வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேச வேண்டும் என்பது அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. எனவே பெட்டியில் மேட்டர் முத்திரை இருந்தால் பாதி நிம்மதி. மீதிப் பாதி? விளக்கைப் போடுவது, அணைப்பது, மங்கவைப்பது மாதிரி அடிப்படை வேலைகள் மேட்டரில் வரும். சில கம்பெனிகள் தங்கள் விசேஷ சாமர்த்தியத்தை மட்டும் சொந்த ஆப்பில், கிளௌட்டில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

வைஃபை சாமான்களில் இரண்டு ஜாதி. ஹாங்ஜோவிலுள்ள டூயா என்ற சீன நிறுவனம் சாமானையும் கிளௌட்டையும் சேர்த்துத் தயாராகக் கொடுக்க, அதன்மேல் தங்கள் பெயரை ஒட்டி விற்கும் பிராண்டுகள் ஏராளம். இவை பெட்டியிலிருந்து எடுத்தபடி கிளௌட்டை நம்புபவை. ரகசியச் சாவி ஒன்றைத் தோண்டியெடுத்து லோக்கலாக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். இன்னொரு ஜாதி, பல்கேரியாவின் ஷெல்லி மாதிரி. உங்கள் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் சின்ன ரிலே. அதற்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. பிரௌசரில் திறந்து போடலாம், அணைக்கலாம், கிளௌட்டை அங்கேயே நிறுத்தியும் வைக்கலாம். சாலிடரிங் கைவந்தவர்களுக்கு இருக்கவே இருக்கின்றன இ.எஸ்.பி. சிப்புகளும், அவற்றில் ஏற்றும் 'டாஸ்மோட்டா', 'இ.எஸ்.பி. ஹோம்' என்ற இலவச மென்பொருள்களும். (ஒருமுறை சொல்லிப் பாருங்கள், டாஸ்மோட்டா. தமிழ்நாட்டில் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அந்த டச்சுக்காரருக்கு யாராவது கடிதம் போட வேண்டும்.)

பழைய மேலைநாட்டு வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் இல்லாமல் இந்த ரிலேக்கள் தவிக்குமாம். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயிண்ட் வைத்துப் பழகிவிட்டதால், அனேகமாக நியூட்ரல் இருக்கும். நம் தாத்தா காலத்து எலெக்ட்ரீஷியன்கள் தெரியாமலே செய்த புண்ணியம்.

இவ்வளவு மொழியையும் ஒரே கூரைக்குக் கீழ் மேய்க்க 'ஹோம் அசிஸ்டென்ட்' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. பௌலஸ் ஷௌட்சன் என்பவர் 2013-ல் ஆரம்பித்தது. 2024 முதல் ஸ்விட்சர்லாந்தில் பதிவான ஒரு லாபநோக்கில்லாத அறக்கட்டளையிடம் இருக்கிறது. நாளைக்கு எந்த முதலாளியும் வாங்கி மூட முடியாது. ராஸ்பெர்ரி பையில் ஓடும். ஆபீஸில் ஏலம் விட்ட பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பையில் மெமரி கார்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுங்கள், எழுதி எழுதிக் கார்டு தேய்ந்துவிடும். இதை நிறுவும் எண்ணமே இல்லாவிட்டாலும் அதன் வலைத்தளம் உங்களுக்கு உபயோகம். எந்த பிராண்டைத் தேடினாலும் 'லோக்கல் புஷ்', 'லோக்கல் போலிங்', 'கிளௌட் போலிங்' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். லோக்கல் என்றால் பர்ஸைத் திறக்கலாம். கிளௌட் என்றால் மூடிவிடலாம். கடைப் பையன் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

லோக்கல் என்றால் எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து வீட்டு விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் நெட் வேண்டும்தான், ஒரு வி.பி.என். போட்டுக்கொண்டால் யார் கிளௌட்டும் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாம். அலெக்ஸாவிடம் பேசினால் உங்கள் குரல் ஊர்வலம் போய்த்தான் திரும்பும். வாசல் மணியை அடித்தவர் யார் என்று போனில் பார்க்கவும் நெட் தேவை. இவையெல்லாம் சௌகரியங்கள். நெட் போனால் இவை மட்டும் போகட்டும். வராந்தா விளக்கு போகக்கூடாது.

அதோடு, ஏதாவது நின்றுபோனால் புகார் செய்ய ஆள் கிடையாது. போன வாரம் ஒரு அப்டேட் போட்டுவிட்டு நான் திருதிருவென்று உட்கார்ந்திருந்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்த வீட்டுக்கு ஐ.டி. டிபார்ட்மென்ட் யாரு?"

"நான்தான்."

"அப்ப டிக்கெட் போட்டுட்டேன்னு வச்சுக்குங்க. ஹால் ஃபேன் சுத்தல."

அதனால்தான் சுவரில் சாதாரண சுவிட்சைப் பிடுங்கவே மாட்டேன் என்று வைத்திருக்கிறேன். எல்லாப் புத்திசாலித்தனமும் செத்தாலும் 'டக்' என்று தட்டினால் எரிய வேண்டும், சுற்ற வேண்டும். ரவுட்டருக்கும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். கிடைக்கிறது. கீஸரை ஸ்மார்ட் ஆக்க ஆசைப்பட்டால் 16 ஆம்பியருக்குக் குறைந்த பிளக்கைத் தொடாதீர்கள்.

மேன்ஷனிலும் வாடகை ரூமிலும் இருக்கும் பிரம்மச்சாரிகள், 'நமக்கெதுக்கு சார் இதெல்லாம், ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார்' என்பீர்கள். உங்களுக்குத்தான் இது தோது. ஒரு யு.எஸ்.பி. குச்சி, ஒரு பழைய லேப்டாப், இரண்டு ஜிக்பீ பிளக், ஒரு சென்சார். சுவரில் ஓட்டை வேண்டாம், போர்டைக் கழற்ற வேண்டாம். முதலில் இதில் பழகுங்கள். காலி பண்ணும்போது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். புது ரூமில் செருகினால் நெட் கனெக்ஷன் வருவதற்கு முன்பே விளக்கு எரியும். அட்வான்ஸிலும் பிடிக்க மாட்டார்கள்.